அன்னிய சுரம்

சுப்பு கிதாரோடு வந்து இறங்கிய அன்று வலியசாலைத் தெருவே சிரித்தது. முப்பத்தாறு வயது, அரசாங்க ஆபீசில் கிளார்க், நெற்றியில் விபூதி, தோளில் கிதார். சிரிக்காமல் என்ன செய்வார்கள்? இது தொண்ணூற்றாறில். ஆனால் ஆசை என்று வந்துவிட்டால் வந்ததுதான். மேடை ஏற வேண்டும் என்றெல்லாம் அவர் நினைக்கவில்லை. எவரோ எழுதி வைத்ததை வாசிக்காமல், அந்த நிமிஷத்தில் தோன்றுவதைச் சொந்தமாக வாசிக்க வேண்டும். அவ்வளவுதான்.

பழவங்காடியில் ஜெராக்ஸ் எடுத்த ஒரு பாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு தானே படித்தார். அதில் முதல் ஸ்கேலுக்கு, அதாவது சுர வரிசைக்கு, ஐந்தே சுரம். வாசித்துப் பார்த்துத் துள்ளிக் குதித்தார்.

“மங்கலம், இங்க வா! இது நம்ம சுத்த தன்யாசியாக்கும்!”

அடுப்படியிலிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

வினை அங்கேதான் பிடித்தது. கச்சேரி கேட்டு வளர்ந்த வீட்டுப் பிள்ளை அவர். ராகத்தில் இல்லாத சுரம் ஒன்று தப்பி விழுந்தால், அந்த வீட்டில் சோற்றில் கல் கடித்த மாதிரி முகம் சுளிப்பார்கள். அன்னிய சுரம் என்று அதற்குப் பெயர். அந்தச் சட்டத்தை அப்படியே தூக்கிக் கிதாரில் வைத்துவிட்டார் சுப்பு. ஐந்தென்றால் ஐந்துதான், ஆறாவது எட்டிப் பார்க்கக் கூடாது. ஸ்கேலைத் தாண்டியும் போகலாம் என்று புத்தகத்தின் மூன்றாம் பக்கத்திலேயே போட்டிருந்தது. யார் படித்தார்கள்?

ஆபீஸ் விட்டு வந்ததும், தானே மீட்டிப் பதிவு செய்த பின்னணிச் சுரக்கூட்டுகளை டேப் ரெக்கார்டரில் ஓடவிட்டு, அதன்மேல் சோலோவாக, தனி வாசிப்பாக, வாசித்துப் பழகுவார். தேங்காய் துருவிக்கொண்டே மங்கலம் கூட முணுமுணுப்பாள். அவள் பாட்டுக் கற்றவள் இல்லை. ஆனாலும் அவள் குரல் தானாக டேப்போடு இழையும். மத்தியமத்துக்கும் பஞ்சமத்துக்கும் நடுவே ஒரு சுரத்தை லேசாக உரசிவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி இறங்கி வருவாள்.

சட்டென்று டேப் நிற்கும்.

“அன்னிய ஸ்வரம், மங்கலம்! அது இதுல கிடையாது.”

“எனக்கெங்கே தெரியும் இதெல்லாம்? வாயில வந்தது, பாடினேன்.”

“வாயில வந்ததெல்லாம் பாட்டாகுமா?”

ஒருநாள் அவள் தங்கை ஸ்ரீலக்ஷ்மி வந்திருந்தபோது, “உங்க அக்காவுக்குக் கைமணம் உண்டு, காதைத்தான் பகவான் வெக்கலை” என்று சொல்லிச் சிரித்தார். மங்கலமும் கூடச் சிரித்தாள். அதற்கப்புறம் அடுப்படியிலிருந்து பாட்டே வரவில்லை. பாவி மனுஷர், இனி நிம்மதியாகப் பழகலாம் என்று சந்தோஷப்பட்டார்.

நாலு வருஷத்தில் விரல் பறந்தது. ஆபீஸ் ஆண்டு விழாவில் கேட்டுவிட்டு கோலப்பன் ஆளனுப்பினார். அவர் நாகர்கோவில்காரர், பக்திப் பாட்டுக் கேசட்டுகளுக்கு இசையமைப்பவர். ஒரு பாட்டின் நடுவே கொஞ்ச நேரத்தைக் கிதார் சோலோவுக்கென்றே காலியாக விட்டிருந்தார். கேசட் அட்டையில் பேர் வரும். சுப்புவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்டுடியோவில் வாசித்தார். மேலே போனார், கீழே வந்தார், ஒரு சுரம் பிசகவில்லை. கோலப்பன் ஹெட்போனைக் கழற்றினார்.

“ஓய், ஏணியில ஏறி ஏறி இறங்குதீரு. பாட்டை எங்க வே காணோம்?”

“ஸ்கேல் சரியாத்தானே சார் இருக்கு?”

“யாரு இல்லைன்னா? முதல்ல வாயால பாடும். பாடினதைக் கை தேடிப் பிடிக்கட்டும். இந்தா, இப்படி” என்று கரகரத்த குரலில் பாடிக் காட்டினார். மத்தியமத்துக்கும் பஞ்சமத்துக்கும் நடுவே அந்தச் சுரம் உரசிப் போயிற்று.

சுப்புவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐயோ, இது மங்கலம் பாடியதல்லவா! தானும் வாயைத் திறந்து பார்த்தார், காற்றுதான் வந்தது. அந்தச் சுரத்தை மட்டும் நடுவில் செருகி வாசித்தார், தப்பு மாதிரியேதான் கேட்டது.

“அடுத்த ஞாயிறு வரை பாக்கேன். வீட்டுல போயி பாடிப் பாரும்” என்றார் கோலப்பன்.

கேசட்டில் கடைசியில் வேறு யாரோ வாசித்தார்கள். அது போகட்டும். சுப்புவுக்கு இன்றைக்கும் ஆறாதது அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான். வந்ததும் வராததுமாக நேரே அடுப்படிக்குப் போனார்.

“மங்கலம், நான் டேப் போடறேன். முன்னே பாடுவியே, அதுமாதிரி ஒண்ணு பாடு.”

“நானா? நான் எப்போ பாடினேன்?”

“முணுமுணுப்பியேடி. நான்கூடத் திட்டுவேனே.”

“அதெல்லாம் எப்பவோ விட்டாச்சே. ஏன்னா, இப்போ எதுக்கு?”

“எனக்கு வேணும். தயவுசெஞ்சு பாடு.”

அவர் கெஞ்சி அவள் கேட்டதேயில்லை. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு டேப்புக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். கண்ணை மூடி, ஒவ்வொன்றாகப் பாடினாள். ஐந்து சுரம். நாலு வருஷமாகக் கூடத்திலிருந்து கேட்ட அதே ஐந்து, அதே ஏற்றம், அதே இறக்கம். நடுவே அந்த இடம் வந்தபோது மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கவனமாகத் தாண்டினாள்.

கண்ணைத் திறந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

“தப்பு ஒண்ணும் வரலையே?”

சுப்பு டேப்பை நிறுத்தினார். “இல்லைடி. எல்லாம் சரியாத்தான் இருந்தது.”

மங்கலம் சந்தோஷமாக எழுந்து அடுப்படிக்குப் போனாள்.