செவ்வாய்க்கிழமை வைத்த கூட்டம்

எங்கள் தேவாலயக் கமிட்டிக் கூட்டத்தில் பாதரும் நான்கு கமிட்டிக்காரர்களும் செயலாளராகிய நானும் இருந்தோம். ஞாயிறு காலை ஆறு மணித் தமிழ்ப் பூசைக்கு வரும் பெண்கள் ஒருவருமில்லை. என் அம்மாவும் இல்லை. மிஞ்சியிருப்பது ஒரேயொரு பாதர் என்பதால், ஆறு மணிப் பூசையை நிறுத்தி ஒன்பது மணிச் சிங்களப் பூசையோடு சேர்க்கத் தீர்மானித்தோம். எதிர்ப்பு இல்லையென்று கூட்டக் குறிப்பில் எழுதினேன்.

ஞாயிறு ஆறு மணிப் பூசையில் அதை வாசித்து அறிவித்தேன். பூசை முடிய, வாசலில் ஒரு அக்கா மறித்தார்.

“செவ்வாய்க்குச் செவ்வாய் பின்னேரம் நாங்க கொச்சிக்கடை அந்தோனியார் கோயில்ல நிப்பம் எண்டு தெரியாதோ, தம்பி? படிச்ச பிள்ளையெல்லோ!”

“மறந்துபோனன், அக்கா. இன்னொரு கூட்டம் வைப்பம்.”

“முடிவெடுத்தாப் பிறகு கூட்டம் என்னத்துக்கு? ஒன்பது மணிக்கு நாங்க வேலை செய்யிற வீடுகளில நிப்பம்.”

அடுத்த ஞாயிறு ஒன்பது மணிக்கு வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஆறு மணிப் பூசைக்கு வந்துகொண்டிருந்த அறுபது பேரில் பதினாறு பேர்தான் வந்தார்கள். வராத நாற்பத்துநான்கு பேரில் என் அம்மாவும் ஒருவர்.