சக்கரத்துக்கு அண்டை கொடுத்த கல்

டாலிகஞ்சில் எங்கள் குடியிருப்பில் வெளிநாடு பார்க்காத வீடு எங்களுடையது ஒன்றுதான் என்பது அம்மாவின் நெடுநாள் குறை. அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை என்பதால் கல்யாணமான கையோடு திருநெல்வேலியிலிருந்து கொல்கத்தா வந்தவள். கப்பல் கப்பலாகப் பார்த்தாளே தவிர ஒன்றிலும் ஏறியதில்லை. இந்த 2005 பூஜை விடுமுறையில், "எழுபத்திரெண்டு வயசாச்சு, இனி எப்பட்டி?" என்று கேட்டுவிட்டாள். அம்மாவிடம் பாஸ்போர்ட் கிடையாது. வாக்காளர் அட்டையைக் காட்டிப் போகக்கூடிய வெளிநாடு பூட்டான். சொந்த வண்டியிலேயே போகலாம் என்று முடிவு செய்தோம்.

வண்டி 1996 மாடல் அம்பாசடர். அதற்குச் செப்டம்பரில் குடியிருப்புக்காரர்களோடு சேர்ந்து விஸ்வகர்மா பூஜை போட்டோம். அக்டோபரில் எங்கள் முறைப்படி ஆயுத பூஜையும் போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் நசுக்கினோம். இரண்டு ஊர்ச் சாமியும் ஆசீர்வாதம் செய்த வண்டி என்று என் கணவர் முருகேசன் பெருமையடித்தார். இத்தனை செய்த நாங்கள் ஒரு நல்ல மெக்கானிக்கிடம் அதைக் காட்டவில்லை. ஹேண்ட்பிரேக் பெயருக்குத்தான் இருந்தது. கொல்கத்தாவில் மேடு ஏது, அதனால் எங்களுக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை.

விஜயதசமிக்கு மறுநாள் காலை ஐந்து மணிக்குக் கிளம்பி, ஃபராக்கா பாலம் தாண்டி, டால்கோலா நெரிசலில் இரண்டு மணி நேரம் வெந்து, சிலிகுரி சேர இரவு ஒன்பதாகிவிட்டது. மொத்தம் 575 கிலோமீட்டர். லாட்ஜ் அறைக்கு 600 ரூபாய். மறுநாள் 155 கிலோமீட்டரில் எல்லை ஊரான ஜெய்காவ். ஒரு அலங்கார வளைவைத் தாண்டினால் பூட்டானின் புந்த்ஷோலிங். வளைவுக்கு இந்தப் பக்கம் ஹாரன் சத்தம் காதைப் பிளக்கிறது, அந்தப் பக்கம் கப்சிப். "ஃபாரின்னா ஃபாரின்தாம் மாப்ளே" என்று மருமகனிடம் அம்மா மெச்சிக்கொண்டாள். ஆளுக்கு ஒரு அனுமதி, வண்டிக்குத் தனி அலுவலகத்தில் தனி அனுமதி. எல்லாம் வாங்கி முடித்து, மூன்றாம் நாள் காலை பதினொரு மணிக்குத் திம்பு நோக்கி ஏறத் தொடங்கினோம். நம் கடிகாரத்தை அங்கே அரை மணி முன்னால் தள்ளிக்கொள்ள வேண்டும்.

இருபத்தெட்டாவது கிலோமீட்டரில், செங்குத்தான ஏற்றத்தில், வண்டிக்கு அடியில் 'டங்' என்று ஒரு சத்தம். ஸ்டியரிங் என் கையில்தான் இருந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் எஞ்சின் உறுமியது, வண்டி நகரவில்லை. எஞ்சினின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டின் இணைப்பு உடைந்துவிட்டது. மெக்கானிக்குகள் அதை 'கிராஸ்' என்பார்கள். அது உடைந்தால் கியரில் போட்டாலும் வண்டி நிற்காது. கால்பிரேக் ஒன்றுதான் கதி. பின்னால் வளைவு. வளைவுக்கு அப்பால் மூடுபனி மட்டும்தான், அதற்குக் கீழே எவ்வளவு ஆழம் என்று தெரியவில்லை. பின் இருக்கையில் அம்மா. முட்டிவலிக்காரி, அவளை இறக்க இரண்டு பேர் வேண்டும்.

முருகேசனைப் பிரேக்கில் காலை வைக்கச் சொல்லி இடம் மாறிக்கொண்டு, நான் கல் தேடி ஓடினேன். சாலையோரத்தில் கிடந்த உருண்டைக் கற்கள் இரண்டைச் சக்கரத்துக்குப் பின்னால் போட்டேன். அவர் பிரேக்கைத் தளர்த்தியதும் இரண்டும் வழுக்கி வெளியே ஓடின. வண்டி ஒரு முழம் பின்னால் வந்தது. அம்மா "முருகா" என்றாள். மருமகனைக் கூப்பிட்டாளா சாமியைக் கூப்பிட்டாளா என்று இன்றுவரை கேட்கவில்லை.

வளைவோரத்தில் வெள்ளை பூசிய சிறிய மேடை போன்ற ஒரு கட்டடம். அதன் காலடியில் தட்டையான கற்களைச் சாய்த்து அடுக்கியிருந்தார்கள். மழைச் சேறு அப்பியிருந்தது. நான் பள்ளியில் கணக்கு நடத்துகிறவள். ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்த, ஆப்பு வடிவக் கல் ஒன்று கண்ணில் பட்டதும் அப்படி ஒரு சந்தோஷம். அள்ளிக்கொண்டு வந்து சக்கரத்தின் பின்னால் கொடுத்து, செருப்புக் காலால் நாலு உதை உதைத்து உள்ளே செருகினேன். வண்டி அசையாமல் நின்றது. "எப்படி?" என்று முருகேசனிடம் வேறு கேட்டேன்.

அரை மணி கழித்து மேலிருந்து உருளைக்கிழங்கு மூட்டைகளோடு ஒரு பிக்அப் வந்தது. ஓட்டி வந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். பெயர் சோனம், மூட்டைகள் அவர் நிலத்தில் விளைந்தவை, புந்த்ஷோலிங் ஏலத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். சரளமாக இந்தி பேசினார். வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். பின்சக்கரத்தருகே குனிந்தவர் கொஞ்ச நேரம் நிமிரவில்லை. பிறகு எழுந்து, மாஜியை இறக்க வேண்டாம், மழை வரப்போகிறது, அந்தக் கல்லை மட்டும் அசைக்காதீர்கள் என்றார். கிராஸும் மெக்கானிக்கும் தான் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனார். நான் கொடுத்த ஐந்நூறு ரூபாய் முன்பணத்தை வாங்கவில்லை. இனி இவர் எங்கே வரப்போகிறார் என்று நான் முருகேசனிடம் முணுமுணுத்ததையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அவர் சொன்னபடியே தூறல் பிடித்தது. ஒரு மணி நேரம் தூறியிருக்கும். குடையோடு சக்கரத்தைப் பார்க்கப் போன முருகேசன், "இங்க வா" என்று குரலைத் தாழ்த்திக் கூப்பிட்டார். கல்லின் சேறு கரைந்திருந்தது. அதில் வரிசையாக எழுத்துகள். வங்காளி எழுத்து மாதிரித் தலையில் கோடு போட்டு, ஆனால் எனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்து. உளி கொண்டு ஒவ்வொன்றாகச் செதுக்கி, பள்ளத்தில் சிவப்பும் மஞ்சளும் தீட்டியிருந்தார்கள். ஓடிப்போய்ப் பார்த்தால் அந்த அடுக்கில் இருந்த அத்தனை கல்லிலும் எழுத்து. யாரோ யாருக்காகவோ வேண்டிக்கொண்டு, மந்திரம் செதுக்கி வைத்த கற்கள்.

எங்கள் வீட்டில் செய்தித்தாளில் கால் பட்டால்கூடத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். சரஸ்வதி பூஜையன்று புத்தகத்தைத் திறக்காதே என்று அம்மாவும், பக்கத்து வீட்டு வங்காளி மாஷிமாவும் மாறி மாறி மிரட்டி வளர்த்த பெண் நான். நாலு நாள் முன்னால்தான் என் மாணவிகளின் கணக்கு நோட்டுகளுக்குப் பொட்டு வைத்துப் பூஜை செய்தேன். அந்தக் கால் இந்த எழுத்தை உதைத்திருக்கிறது.

எடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். முருகேசன் பிரேக்கை மிதிக்க, இன்னொரு பெரிய கல்லை உருட்டி வந்து பக்கத்தில் வைத்தேன். ஈரத்தில் அது நிற்கவே இல்லை. மணிக்கணக்கில் ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொண்டு உட்காரவும் முடியாது. அந்தக் கல்லை விட்டால் அம்மாவைத் தாங்க வேறு எதுவும் இல்லை. அப்போது நான் செய்ததுதான் எல்லாவற்றையும்விடக் கேவலம். சோனம் திரும்பி வந்தால் பார்த்துவிடுவாரே என்று, ஒரு துண்டை எடுத்துக் கல்லை மூடினேன்.

ஜன்னல் வழியே அம்மா எட்டிப் பார்த்தாள். "எதுக்குட்டி டயருக்குத் துண்டு போத்துத?"

"மழையில நனையுதும்மா."

"டயரு நனையாமயா இருக்கும்?"

நான் துண்டின் நுனியைக் கல்லுக்கு அடியில் செருகினேன்.

மூன்றே முக்காலுக்குப் பிக்அப் வந்துவிட்டது. உள்ளே ஒரு மெக்கானிக். பின்னால் உருளைக்கிழங்கு மூட்டைகள் போனது போலவே இருந்தன. ஏலம் அன்றைக்கு முடிந்திருக்கும், அவர் அங்கே போகவே இல்லை. மெக்கானிக் வண்டிக்கு அடியில் புகுந்தார். சோனம் பின்சக்கரத்தருகே குந்தி உட்கார்ந்து, துண்டின் மேலேயே கையை வைத்துக் கல்லை அழுத்திப் பிடித்துக்கொண்டார். அந்த முக்கால் மணி நேரமும் அவர் துண்டை விலக்கவில்லை. நான் அவர் முகத்தைப் பார்க்காமல் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வேலை முடிந்தது. முருகேசன் மெக்கானிக்கையும் ஏற்றிக்கொண்டு வண்டியைச் சமதளம்வரை ஓட்டிப் போய் நிறுத்தினார். சாலையில் துண்டும் கல்லும் நானும் சோனமும்தான் மிச்சம். துண்டை எடுத்தேன். கல்லின் ஒரு மூலை சில்லாகப் பெயர்ந்து, கடைசி எழுத்தில் பாதியைக் கொண்டுபோயிருந்தது. எனக்குத் தெரிந்த இந்தியெல்லாம் மறந்துவிட்டது. தெரியாமல் செய்துவிட்டேன், மறைக்கவும் பார்த்தேன், மன்னித்துவிடுங்கள் என்று உளறினேன்.

"முதல் தடவை வந்தபோதே பார்த்துவிட்டேன்" என்றார் சோனம். "அப்போதே சொல்லியிருந்தால் நீங்கள் கல்லை எடுத்திருப்பீர்கள். உள்ளே மாஜி இருந்தார்."

பெயர்ந்த சில்லை எடுத்து என்னிடம் நீட்டி, "அதனால்தான் சீக்கிரம் வந்தேன்" என்றார்.

அவர் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. குடிதண்ணீர் புட்டியைத் திறந்து இருவருமாகக் கல்லைக் கழுவினோம். அதை நானே எடுத்து வரட்டும் என்று அவர் முன்னால் நடந்தார். தூரத்திலிருந்து அம்மாவின் குரல் வந்தது: "ஏட்டி, செருப்பக் கழத்திட்டுப் போ." அவளுக்கு எப்போது தெரிந்தது என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. வெறுங்காலோடு போய், பெயர்ந்த சில்லையும் சேர்த்து, எடுத்த இடத்திலேயே எழுத்து நேராக இருக்கும்படி வைத்தேன். சோனம் அந்தக் கட்டடத்தை வலமாக ஒரு சுற்று வந்தார். நானும் அவர் பின்னால் வந்தேன். கிராஸுக்கும் மெக்கானிக்குக்கும் ஆன அறுநூற்றைம்பது ரூபாய் தவிர ஒரு காசும் அவர் வாங்கவில்லை. அம்மாவின் முறுக்கு டப்பாவை மட்டும் வாங்கிக்கொண்டார்.

திம்பு அழகான ஊர்தான். அதைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். சொந்த வண்டியில் போக நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். அனுமதி அலுவலகம் சனி ஞாயிறு மூடியிருக்கும், வார நாளில் எல்லை சேரும்படி கிளம்புங்கள். மலைக்கு முன் ஹேண்ட்பிரேக்கையும் கிராஸையும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள், எலுமிச்சம்பழம் அதற்குப் பிறகு. சாலையோரத்தில் அடுக்கிவைத்த எதையும் தொடாதீர்கள். சக்கரத்துக்குக் கொடுக்க மரக்கட்டை இரண்டு கையோடு கொண்டுபோங்கள்.

திரும்பி வந்த வாரமே நான் காளிகாட்டில் ஒரு தச்சரிடம் இரண்டு கட்டைகள் செய்யச் சொன்னேன். நல்ல தேக்கு, ஆப்பு வடிவம், ஜோடி 180 ரூபாய். வழவழவென்று இழைத்து முடித்தவர், தொலைந்துபோகாமல் இருக்க வண்டி நம்பரைச் செதுக்கித் தரட்டுமா, அதற்குத் தனியாகக் காசு வேண்டாம் என்று உளியைக் கையில் எடுத்தார்.

அதில் ஒரு எழுத்தும் வேண்டாம் என்று சொல்லி வாங்கி வந்துவிட்டேன்.