மேல் வீட்டில் பதினேழு கீறல்

போன செவ்வாய்க்கிழமை மாலை ஏழு மணிக்கு மேல் வீட்டு நோரா வந்து கதவைத் தட்டினார். வயலினை மேலே வைத்துவிட்டு, வில்லோடு மட்டும் இறங்கி வந்திருக்கிறார்.

"எத்தனை, மிஸியு?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

"பதினேழு."

முகம் விழுந்துவிட்டது. "எனக்குப் பதினெட்டு என்று பட்டதே…"

"பதினேழு" என்றேன் மறுபடியும். எண்ணியது நான். எழுதிய தாளும் கையில் இருக்கிறது.

ஒரேயொரு எண்ணிக்கைக்கு ஒருவர் இவ்வளவு கலங்குவாரா? கலங்குவார். அந்த ஒன்றில்தான் அவருடைய ஞாயிற்றுக்கிழமை தங்கியிருந்தது. அதைச் சொல்ல நான் பெப்ரவரி மாதத்துக்குப் போகவேண்டும்.

இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிற உங்களுக்கு என் குணம் தெரியும். எண்ணுவேன். பாரிசின் மார்க்ஸ் டோர்மோய்ப் பகுதியில் எங்கள் மூன்றாம் மாடிக்கு ஐம்பத்துநாலு படி. லிஃப்ட் இந்த வருசம் ஆறு தடவை நின்றுவிட்டது. பாரிசுக்கு வந்தபிறகு இருபத்திரண்டு வருசம் ஒரு ஹோட்டலின் துணி அறையில் வேலை செய்தேன். படுக்கை விரிப்பு, தலையணை உறை, துவாய் — எண்ணி வாங்கி எண்ணிக் கொடுப்பது. ஒரு துவாய் பிசகியதில்லை. இப்போது எழுபத்துநாலு வயது. எண்ணுவதற்கென்று யாரும் எதையும் தருவதில்லை… அதனால் எல்லாவற்றையும் எண்ணுகிறேன்.

நோரா அயர்லாந்துக்காரர். ஐம்பது வயதிருக்கும். கம்பனிகளுக்குப் போய் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறார். நாலாம் மாடிக்கு வந்து மூன்று வருசம். தினமும் மாலை ஆறரைக்கு வயலின் எடுப்பார். அவருடைய ஊர்க்காரர் சிலர் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு மதுக்கடையில் வட்டமாக உட்கார்ந்து தங்கள் நாட்டு நடன மெட்டுகளை வாசிப்பார்கள். அதற்கான சாதகம் இது.

எனக்கும் கொஞ்சம் வயலின் தெரியும். பள்ளிக்கூட நாளில் நாலு வருசம் படித்தேன். வில் கீறினால் வாத்தியார் பிரம்பை எடுப்பார். எங்கள் சங்கீதத்தில் அலங்காரமெல்லாம் பெரும்பாலும் இடது கை விரல்களின் வேலை. வில் நீளமாகப் போய் நீளமாக வரவேண்டும். அது இருப்பதே தெரியக்கூடாது.

மேல் வீட்டு வில்லோ கீறியது. ஒரு சுரத்தில் இருந்தபடியே 'க்ர்ர்க்' என்று ஒரு சத்தம். அவர் தினமும் முதலில் வாசிப்பது ஒரே மெட்டு. மூன்று சுற்று வாசிப்பார். ஒரு சுற்றுக்கு எட்டுக் கீறல், மொத்தம் இருபத்துநாலு. நல்ல கை, நல்ல சுருதி, தாளமும் பிசகாது — பிறகு ஏன் இந்தப் பிழை? பாவம், திருத்திவிட ஆள் இல்லை போலும் என்று நினைத்தேன். லா சப்பல் தெருவின் தமிழ்ப் பலசரக்குக் கடையில் வருசப் பிறப்புக்குத் தருகிற நாட்காட்டியில் நாளுக்கொரு தாள் கிழிக்கிறோம் அல்லவா? அந்தத் தாளின் பின்பக்கத்தில் அன்றைய பிழைகளை எழுதிவைக்கத் தொடங்கினேன்.

"அந்தப் பிள்ளை தன்ரை பாட்டிலை வாசிக்குது. உங்களுக்கு என்ன?" என்றாள் என் மனுசி.

"நான் ஒண்டும் சொல்லேல்லையே. எண்ணுறன்."

"நீங்கள் சொன்னாலும் பரவாயில்லை. எண்ணுறதுதான் பயமாக் கிடக்கு."

லா சப்பலில் ஒரு தேநீர்க் கடையில் குலம் என்கிற நண்பரைப் பிடித்தேன். பரதநாட்டிய அரங்கேற்றங்களுக்கு வயலின் வாசிக்கிறவர். என் ஃபோனில் பதிந்து வைத்திருந்ததைப் போட்டுக் காட்டினேன். காதோடு வைத்து இரண்டு தரம் கேட்டார்.

"கீறுதுதான் அண்ணை. ஆனா ஒவ்வொரு சுற்றிலையும் அதே இடத்திலை கீறுது. பிழை விடுகிற ஆள் இடம் பாத்தே விடும்?"

"பழகின பிழை தம்பி. பழகினால் இடம் மாறாது."

"அப்ப சரி. நீங்களே மேலை ஏறிப் போய்த் திருத்திவிடுங்கோ. எத்தனை படியெண்டு எனக்கும் சொல்லுங்கோ."

நக்கல்தான். நான் அவர் சொன்னதில் முதல் பாதியை அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

பெப்ரவரி கடைசியில் இருபத்திரண்டு. மார்ச் நடுவில் பத்தொன்பது. பிறகு பதினைந்து. ஏப்ரலில் ஒன்பது. கீறல் இருந்த இடங்களில் இப்போது விரலால் ஒரு வளைவு வந்தது. மேல் சுரத்தைத் தொட்டு, கீழ்ச் சுரத்தைத் தொட்டு, இருந்த இடத்துக்குத் திரும்புவது. எங்கள் கமகத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. எனக்குச் சந்தோசம். ஒரு மனிதர் இந்த வயதில் தானாகவே திருந்துகிறார் என்றால் பாராட்ட வேண்டாமா?

பாராட்டினேன். லிஃப்ட் நின்ற ஒரு நாள். நான் கத்தரிக்காய்ப் பையோடு ஏறுகிறேன், அவர் இறங்குகிறார். இரண்டாம் மாடித் திருப்பத்தில் நிறுத்தி, எனக்குத் தெரிந்த நல்ல பிரெஞ்சில் சொன்னேன்:

"வாழ்த்துகள், மடாம். உங்கள் பிழைகள் இருபத்துநாலிலிருந்து ஒன்பதாகக் குறைந்துவிட்டன."

"எந்தப் பிழைகள்?"

வாயால் 'க்ர்ர்க்' என்று காட்டினேன்.

சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒன்பதா?" என்றார். "குறைந்தது பதினைந்து இருக்கும் என்று நினைத்திருந்தேன்."

அந்தப் படியில் வைத்துத்தான் எனக்குப் பாடம் நடந்தது. அது பிழையல்ல. அதற்கு ட்ரெபிள் என்று பெயர். ஒரு நீட்டுச் சுரம் இருக்கவேண்டிய இடத்தில் வில்லை மூன்று தரம் சட்டென்று மாற்றி இழுப்பது. மூன்று சுரமாகத் தனித்தனியே கேட்டால் அது சரியில்லை. ஒரு கீறலாக, தவிலில் விரல் பட்ட மாதிரி விழவேண்டும். ஆடுகிறவர்களின் காலுக்கு உதைப்பு கொடுப்பது அதுதான். விரலால் செய்கிற வளைவுகளும் அவர்களிடம் உண்டு, ஆனால் ட்ரெபிள் முழுக்க வலது கையின் வேலை. பெருவிரலும் சுட்டுவிரலும் வில்லைத் தளர்வாகப் பிடிக்கவேண்டும், மணிக்கட்டு உதறவேண்டும்.

"எனக்கு அந்த இரண்டு விரலும் மரத்துப்போகிறது" என்றார். "காலையில் கோப்பையைப் பிடித்தால் பிடித்த மாதிரியே இல்லை. ட்ரெபிள் வராத இடத்தில் இடது கையால் ஏதாவது செய்து ஒப்பேற்றுகிறேன். இது என் ரசனை மாறிவிட்டதால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்."

"டொக்டரிடம் காட்டினீர்களா?"

"காட்டினால் ஏதாவது சொல்லிவிடுவார்களே."

இது எனக்கு விளங்கும். பிரஷரை ஒரு வருசம் மனுசிக்கே சொல்லாமல் வைத்திருந்தவன் நான்.

ஆனால் என் காதெல்லாம் சுட்டது. ஒருவருடைய கை மெல்ல மெல்லப் போய்க்கொண்டிருக்கிறது — நான் கீழே கதிரையில் இருந்து, நாளுக்கு நாள் எண்ணி, சந்தோசப்பட்டிருக்கிறேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

"அந்தத் தாள்களைத் தருவீர்களா?"

நாற்பத்தேழு தாள். ரப்பர் வளையம் போட்டுக் கொடுத்தேன். எப்போது தொடங்கியது என்று டொக்டர் கேட்டிருக்கிறார். இரண்டு கிழமையாக என்று சொல்லத்தான் நோரா வாயெடுத்தாராம். தாள்கள் ஒன்றரை மாதம் என்றன. மணிக்கட்டில் நரம்பு நெருக்குப்படுகிறது, பெருவிரலின் அடிச் சதை மெலியத் தொடங்கிவிட்டது, இனியும் தள்ளிப்போட முடியாது என்று சொல்லி மே மாதம் ஒப்பரேஷன் செய்தார்கள்.

பிறகு மேல் வீட்டில் சத்தமில்லை. நான் தாளில் பூச்சியம் போட்டேன்.

"இல்லாததையும் எழுதவேணுமே?" என்றாள் மனுசி.

"பூச்சியமும் ஒரு எண்தான்."

"உங்கடை தலை."

ஓகஸ்டில் வயலின் திரும்ப வந்தது. செப்டெம்பரில் மூன்று கீறல். ஏழு. பன்னிரண்டு. மாலையில் அவரே இறங்கி வந்து கேட்கத் தொடங்கினார். தன் காதை நம்பமுடியாது, ஆசையில் கூட்டி எண்ணுகிறது என்றார். கூட்டாமல் எண்ணுகிற ஒரு ஆள் கீழ் வீட்டில் இருப்பது வசதி.

அவரே ஒரு கணக்கும் வைத்திருந்தார். இருபத்துநாலில் பதினெட்டு வந்தால் ஞாயிற்றுக்கிழமை வட்டத்துக்குப் போவது. அதற்குக் கீழே என்றால் தன்னால் மற்றவர்களின் வேகம் கெடும் என்றார். பதினாறு வந்தது. பதினேழு வந்தது. அதிலேயே நின்றது. இரண்டு ஞாயிறும் அவர் வட்டத்துக்குப் போகவில்லை. "இந்தக் கிழமையும் வராவிட்டால் வயலினைப் பெட்டியில் வைத்துவிடுவேன், மிஸியு. தினமும் இப்படிக் காத்திருக்க என்னால் முடியாது." விளையாட்டாகச் சொல்லவில்லை.

இப்போது செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். பதினேழு என்று இரண்டு தரம் சொல்லிவிட்டேன். நோரா தலையை ஆட்டிவிட்டு, வில்லைத் தளர்த்திக்கொண்டே திரும்பினார்.

"பதினெட்டு."

அடுப்படியிலிருந்து மனுசியின் குரல்.

"என்ன சொல்லுறீர்?"

"பதினெட்டு எண்டு சொல்லுறன். கடைசிச் சுற்றிலை குக்கர் விசிலடிக்கேக்கை ஒண்டு போனது. நீங்கள் கவனிக்கேல்லை."

"எனக்கு விசில் ஒண்டும் கேக்கேல்லையே."

"அதைத்தானே நானும் சொல்லுறன். விசிலே கேக்காத காதுக்குக் கீறல் கேக்குமே?"

எழுபத்துநாலு வயதுக் காது. ஹோட்டலில் என்றால் திரும்ப எண்ணலாம், துவாய் அங்கேயே இருக்கும். வாசித்து முடித்த மெட்டை எங்கே போய் எண்ணுவது?

மனுசிக்குப் பிரெஞ்சு சந்தை அளவுக்குத்தான் வரும். ஆனால் இலக்கங்கள் சுத்தமாக வரும். அகப்பையோடு வாசலுக்கு வந்து, நோராவைப் பார்த்து, "டிஸ்-உயித்" என்றாள்.

நோரா அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு மேலே ஓடினார். ஓடின சத்தத்தில் பதினெட்டுப் படியும் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வயலின் பெட்டியோடு அவர் இறங்கிப் போவதைக் கதவுத் துவாரத்தால் பார்த்தேன். மாலையில் திரும்பி வந்து மணியடித்தார். எத்தனை விழுந்தது என்று கேட்டேன். "எண்ணவில்லை" என்றார்.

அது கிடக்கட்டும். செவ்வாய் இராச்சாப்பாட்டைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். பதினேழை வெட்டிப் பதினெட்டு என்று எழுதிவிட்டு வந்து உட்கார்ந்தேன். மனுசி புட்டைப் போட்டாள், பக்கத்தில் மத்தியானத்துக் கத்தரிக்காய்க் குழம்பு. இரண்டு வாய் சாப்பிட்ட பிறகுதான் உறைத்தது: புட்டுக்கும் மத்தியானத்துக் குழம்புக்கும் குக்கர் எதற்கு? எழுந்துபோய் அலுமாரியைத் திறந்தேன். குக்கர் கவிழ்த்து வைத்தபடி, காய்ந்துபோய் இருந்தது.

திரும்பி வந்து சாப்பிட்டேன். அந்தத் தாளில் பதினெட்டுத்தான் இருக்கிறது — தெரிந்துகொண்டே ஒரு எண்ணிக்கையைப் பிழையாக விட்டது இதுதான் முதல் தடவை.