பிள்ளைக் காம்பரா வாசலில் வந்து நின்ற பேராசிரியர்

அறுபதாம் ஆண்டுகளின் தொடக்கம் அது. இறம்பொடை நீர்வீழ்ச்சிக்கு மேலே, சரிவிலேயே தொங்கிக்கொண்டிருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்தில் எனக்குப் பிள்ளைக் காம்பராவில் வேலை. கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் விட்டுவிட்டுப் போகும் கைக்குழந்தைகளைப் பகல் முழுக்கப் பார்த்துக்கொள்ள வேண்டும். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனவள் நான். ஆனால் கவலைப்படுவதில் என்னை யாரும் மிஞ்ச முடியாது. மழை பெய்தால் நாங்கள் குடியிருக்கும் லயத்தின் பின்புறம் மண் சரியுமே என்று கவலை. பெய்யாவிட்டால் கொழுந்து குறையுமே என்று கவலை.

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்ட பிறகு எனக்கிருந்தது ஒரே தம்பி. அவன் பேராதனையில் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தான். எங்கள் தோட்டத்திலிருந்து அப்படிப் போன முதல் ஆள். அந்தப் பெருமையை அனுபவிக்கக்கூட எனக்கு நேரமில்லை. தேர்வில் தவறிவிட்டால் என்ன செய்வது என்ற கவலையே போதுமாக இருந்தது.

தை மாதம் மஞ்சள் காமாலை கண்டு அவன் வீட்டுக்கு வந்துவிட்டான். செய்முறை வகுப்பெல்லாம் தவறிப்போனது. அதற்கு ஈடாக ஏதாவது செய்து காட்டினால்தான் தேர்வு எழுத விடுவேன் என்று அவனுடைய பேராசிரியர் சொல்லி அனுப்பியிருந்தார். பௌதிகமும் வானியலும் கற்பிக்கிற யாழ்ப்பாணத்துக்காரர். "ஏதாவது" என்பது என்ன தெரியுமா? சமதரையில் நேராக ஒரு கம்பை நட்டு, தினமும் சூரியன் உச்சிக்கு வரும்போது அதன் நிழல் நுனியில் ஓர் அடையாளம் வைக்க வேண்டும். அவ்வளவுதான். இதற்கா பேராதனை வரைக்கும் போய்ப் படிக்கிறான் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

மலைத் தோட்டத்தில் சமதரைக்கு எங்கே போவது? பிள்ளைக் காம்பரா முற்றம் ஒன்றுதான் இருந்தது. தம்பி ஒரு மூங்கிலை நட்டு, நூலில் கல் கட்டித் தொங்கவிட்டு, இப்படி அசைத்து அப்படி அசைத்து நேர் பார்த்தான். அதற்குள்ளேயே அவனுக்கு மூச்சு வாங்கியது. இரண்டாம் நாளே மறுபடி படுக்கையில் விழுந்தான். "அக்கா, நீ வச்சிடுக்கா. பன்னெண்டு மணிக்கு நிழல் நுனியில ஒரு குச்சி. அவ்வளவுதான்" என்று கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான்.

எங்களிடம் கடிகாரம் ஏது? தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். ஸ்டோரில் மணி அடித்தால்தான் எங்களுக்குப் பன்னிரண்டு. மணி அடித்ததும் தாய்மார் ஓடிவந்து பிள்ளைகளுக்குப் பால் கொடுப்பார்கள், சாப்பிடுவார்கள், அடுத்த மணிக்கு மலை ஏறிவிடுவார்கள். அதனால் நானும் மணிச் சத்தம் காதில் விழுந்ததும், கையில் எந்தப் பிள்ளை இருந்தாலும் இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓடிப்போய் தேயிலைச் செடியில் வெட்டிப்போட்ட மெல்லிய மிலாறுக் குச்சி ஒன்றை நிழல் நுனியில் குத்தி வைப்பேன்.

பட்ட பாடு சொல்லி மாளாது. தவழுகிற பிள்ளை குச்சியைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொள்ளும். ஒருத்தி வந்து கம்பில் ஈரத்துணி கட்டிவிட்டுப் போவாள். போகிறவர் வருகிறவருக்கெல்லாம் கேலி வேறு.

"ஏன்டி, காமன் கூத்துக்கு இன்னும் நாள் கெடக்கே, இப்பவே கம்பம் ஊனிட்டியா? மாப்பிள்ளை யாரு?" என்பாள் பக்கத்து லயத்து மதினி. அவளுக்கு அப்போது ஆறுமாதப் பிள்ளை ஒன்று என் காம்பராவில் இருந்தது. அவள் வாய்க்கு யாரும் ஈடு கொடுக்க முடியாது.

பனிமூட்டம் இறங்குகிற நாளில் நிழலே விழாது. அன்றைக்கெல்லாம் எனக்குச் சோறு இறங்காது. இந்த ஒரு நாளுக்காகத் பேராசிரியர் தம்பியைத் தேர்வு எழுத விடமாட்டாரோ என்று பயம். வெயில் அடிக்கிற நாளில் வேறு பயம்: குச்சிகள் ஒரே வரிசையாகக் கம்பை நோக்கி நெருங்கிக்கொண்டு வந்தாலும், சில குச்சிகள் மட்டும் வரிசையை விட்டுக் கிழக்குப் பக்கமாக ஒதுங்கி நின்றன. நான்தான் எதையோ தப்பாகச் செய்துவிட்டேன் என்று நினைத்து, அதைத் தம்பியிடம்கூடச் சொல்லாமல் நெஞ்சுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

மாசி மாதம் ஒரு நாள் முற்பகல். சொல்லாமல் கொள்ளாமல் பேராசிரியர் வந்து நின்றார். நுவரெலியாவுக்கு மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போகிற வழியாம். வேனைக் கீழே பெரிய ரோட்டில் நிறுத்திவிட்டு எல்லோரையும் நடத்தியே மேலே கொண்டுவந்திருக்கிறார். பையன்கள் வியர்த்து விறுவிறுத்துப் போயிருந்தார்கள். அவரோ மெலிந்த உடம்பும் கறுப்புக் குடையுமாக, அப்போதுதான் தூங்கி எழுந்தவர்போல் இருந்தார்.

எனக்குக் கை கால் ஓடவில்லை. வெளியாட்கள் தோட்டத்துக்குள் வந்தால் தோட்டத்தை நடத்துகிற துரைமாருக்குப் பிடிக்காது. அத்தனை பேருக்குத் தேத்தண்ணீர்க் கோப்பையும் இல்லை. அக்கம்பக்கத்தில் கடன் வாங்கித் தேத்தண்ணீர் ஊற்றினேன். ரொட்டி தட்டிச் சம்பல் அரைத்தேன். பையன்கள் பாய்ந்து சாப்பிட்டார்கள். அதில் ஹட்டன் கடைவீதிப் பையன் ஒருவன் என்னிடம் வந்து மெதுவாகப் புலம்பினான்.

"அக்கா, காலையில சாப்பிட விடலக்கா இந்த மனுசன். கீழ அருவிகிட்ட வேன நிப்பாட்டி, கல்லு விழ எவ்வளவு நேரம் ஆகுதுன்னு எண்ணச் சொன்னாரு. ஆளுக்கு ஒரு கணக்குச் சொன்னோம். திரும்பப் போடு, திரும்பப் போடுன்னு மலையில இருந்த கல்லெல்லாம் தீந்துபோச்சு!"

இன்னொருவன் சேர்ந்துகொண்டான்: "குட் மோர்னிங் சேர்னு சொன்னாக்கூட, மோர்னிங்தான்னு எப்பிடித் தெரியும்னு கேப்பாருக்கா."

சிரிப்பு வந்தது எனக்கு. கொஞ்ச நேரம்தான் அந்தச் சிரிப்பு. பேராசிரியர் தேத்தண்ணீரைத் தொடவே இல்லை. கம்புப் பக்கத்தில் குந்தி, குச்சிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி போர்வையைப் போர்த்திக்கொண்டு சுவரைப் பிடித்து நின்றான்.

"இது மத்தியானம் இல்லை" என்றார் பேராசிரியர். "வரிசை நேர் வடக்கே போகாமல் மேற்கே சாஞ்சிருக்கு. சூரியன் உச்சிக்கு வர முந்தியே குத்தியிருக்கிறீர். என்னத்தைப் பார்த்துக் குத்தினீர்?"

"ஸ்டோர் மணியப் பாத்துங்க சேர். எனக்கு முடியலைன்னு அக்காதான்..." என்று தம்பி இழுத்தான்.

கடிகாரத்துப் பன்னிரண்டு வேறு, சூரியன் உச்சிக்கு வருவது வேறு என்று அப்போதுதான் எனக்குத் தெரிய வந்தது. மணி அடித்தால் மத்தியானம், இதில் என்ன சந்தேகம் என்று பிறந்ததிலிருந்து இருந்துவிட்டேன். இத்தனை நாள் ஓடி ஓடிக் குத்தியதெல்லாம் தப்பா? தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. மலையிலிருந்து பெண்கள் கூட்டமாக இறங்கி வந்தார்கள். முற்றத்தில் இவ்வளவு பேரைக் கண்டதும் பிள்ளைகளைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு அங்கேயே சுற்றி உட்கார்ந்தார்கள். யாரடா இந்த வெளியாட்கள் என்று பார்க்கக் கணக்கப்பிள்ளையும் வந்து சேர்ந்தார். எங்கள் வேலையை மேற்பார்க்கிறவர் அவர். பேராசிரியர் என்றதும் மரியாதையாகத்தான் வணங்கினார்.

அத்தோடு விட்டிருக்கலாம் அல்லவா? விடவில்லை அந்த மனிதர்.

"ஐயா, இந்த மணியை ஆர் அடிக்கிறது?"

"ஸ்டோர்லங்க. அங்க பெரியவரு டீமேக்கர் ஐயா, அவருதான் கடிகாரத்தப் பாத்துச் சொல்லுவாருங்க."

"அப்ப இந்த நாளுகளில கடிகாரம் பிந்திப்போச்சோ?" குடை நுனியால் கிழக்கே ஒதுங்கி நின்ற குச்சிகளைத் தொட்டுக் காட்டினார். "நேரம் போகப் போகச் சூரியன் மேற்கே சாயும், நிழல் கிழக்கே போகும். மற்ற நாளெல்லாம் மணி ஒரே நேரத்துக்கு அடிச்சிருக்கு. இந்த நாளுகளில மட்டும் கால் மணித்தியாலம் அளவில பிந்தி அடிச்சிருக்கு. ஏன்?"

மதினி தன் பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டு வாயைத் திறந்தாள்.

"அதானே பாத்தேன்! கொழுந்து மண்டிக் கெடக்கற அன்னைக்கெல்லாம் சோறு தொண்டையில எறங்கறதுக்குள்ள ஏறு ஏறுன்னு வெரட்டுனாங்களே, இதுக்குத்தானா? எம்புள்ள இங்க பாலுக்குக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கிட்டது யாரு காதுலயும் விழலையா?"

பெண்கள் சிரித்தார்கள். அது நல்ல சிரிப்பு இல்லை. கணக்கப்பிள்ளையின் முகம் இருண்டது. பிந்துகிற மணி அவர்களுக்கு வெறும் சந்தேகம். எனக்கோ நன்றாகத் தெரியும். அந்த நாட்களில் பிள்ளைகள் பசியில் கத்தி ஓய்ந்து, விரல் சூப்பிக்கொண்டே தூங்கிப்போவதைப் பார்த்தவள் நான். என் கவலைக் கண்ணுக்கு அப்படித் தோன்றுகிறது என்று நானே என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன்.

"சேர், தேத்தண்ணி ஆறுதுங்க, குடிங்க" என்று கோப்பையை நீட்டினேன். எப்படியாவது பேச்சை மாற்றிவிட வேண்டும் எனக்கு. அவர் கோப்பையை வாங்கி, அருகில் நின்ற பையன் கையில் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, நீர் மணி அடிச்ச உடனேதான் குத்தினீரோ? ஒவ்வொரு நாளும்? யோசிச்சுச் சொல்லும். உமக்கு நிச்சயம் இல்லையெண்டால் இதெல்லாம் வெறும் சுள்ளிதான். நான் இவருக்கு ஒண்டும் செய்யேலாது."

கணக்கப்பிள்ளையும் என்னைத்தான் பார்த்தார். "என்னா புள்ள, புள்ளைங்களப் பாத்துக்கிட்டு நீ கொஞ்சம் முன்னப் பின்னத்தானே குத்தியிருப்ப? சொல்லு" என்றார். அதட்டவே இல்லை. தன்மையாகத்தான் கேட்டார். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

ஆமாம், முன்னப் பின்னத்தான் என்று சொல்லிவிட்டால் எனக்கு ஒரு தொல்லையும் இல்லை. தம்பியின் ஒரு வருடம் போய்விடும். அதற்கப்புறம் படிக்கவைக்க என்னால் முடியாது. மணி அடித்ததும்தான் குத்தினேன் என்றால், தோட்டத்தார் நேரத்தைத் திருடினார்கள் என்று நானே சாட்சி சொன்னதாகிவிடும். பத்துச்சீட்டைக் கையில் கொடுத்து வேலையை விட்டு அனுப்பிவிட்டால், லயத்து அறையும் போய்விடும். காமாலைக்காரனைக் கூட்டிக்கொண்டு எங்கே போவேன்? இந்த மனிதர் வராமலே இருந்திருக்கக்கூடாதா? வந்தவர் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுப் போயிருக்கக்கூடாதா? என்னை ஏன் நடுவில் இழுத்து விட்டார்?

எனக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. இடுப்பிலிருந்த மதினியின் பிள்ளைக்கும் அது தெரிந்திருக்கும். அழத் தொடங்கிவிட்டது.

"மணிச் சத்தத்தோட குத்துனதுங்க. ஒரு நாளும் பிந்தலைங்க" என்றேன். சொன்னது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "கொஞ்சம் பலமாச் சொல்லும்" என்றார் பேராசிரியர்! அந்தக் கொடுமையையும் செய்தார். இரண்டாம் தரம் கத்தியே சொன்னேன்.

கணக்கப்பிள்ளை ஸ்டோர்ப் பக்கம் திரும்பி நடந்தார்.

இத்தனைக்கும் பிறகு பேராசிரியர் என்ன சொன்னார் என்று நினைக்கிறீர்கள்? தம்பியிடம் திரும்பி, "உம்மட தமக்கை மணிக்குச் சரியாத்தான் நிண்டிருக்கிறா. அவவில பிழை இல்லை. சூரியனைப் பார்க்கச் சொன்னால் மணியைப் பார்க்கச் சொல்லிக் குடுத்தீரே, அது உம்மட பிழை. பங்குனி முடியும் மட்டும் நேரம் தாறன். திரும்பச் செய்யும்" என்றார்.

திரும்பவா! என் தலையே போய்விடும்போல நின்று சாட்சி சொல்லியிருக்கிறேன், இந்த மனிதர் "திரும்பச் செய்யும்" என்கிறார். அந்த ஆறிப்போன தேத்தண்ணீரை அவர் தலையிலேயே ஊற்றலாமா என்று வந்தது எனக்கு. அவர் குடையை விரித்துக்கொண்டு இறங்கிவிட்டார். ஹட்டன் பையன் மட்டும் பின்தங்கி, "அக்கா, கோவிச்சுக்காதீங்க. ரெண்டாந்தரம் செய்ய விடுறதே பெரிய விசயம். எங்களுக்கெல்லாம் நேரா முட்டைதான்" என்று சொல்லிவிட்டு ஓடினான்.

மறுநாள் காலை, வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில் என்னைப் பிள்ளைக் காம்பராவிலிருந்து தூக்கிக் கொழுந்து மலைக்குப் போட்டார்கள். கம்பையும் குச்சிகளையும் பிடுங்கி எறிந்தார்கள். பத்துச்சீட்டுக் கொடுக்கவில்லை. விஷயம் தொழிலாளர் சங்கத்துத் தலைவர் காதுக்குப் போய்விட்டது, அதனால் யோசித்திருக்கிறார்கள் என்று மதினி சொன்னாள். எனக்குத் தெரியாது. பத்துச்சீட்டு வருகிறதா என்று பல மாதம் வாசலைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் அதற்குப் பிறகு, கொழுந்து எவ்வளவு மண்டிக் கிடந்தாலும், பகல் மணி பிந்தவில்லை.

உடம்பு தேறியதும் தம்பி ஹட்டனில் அந்தப் பையனின் கடைக்குப் பின்னால் வேறொரு கம்பை நட்டு, இந்தத் தடவை நிழல் மிகக் குறுகுகிற வரைக்கும் காத்திருந்து குத்தினான். தேர்வு எழுத விட்டார்கள். தேறினான். இப்போது அவனும் பள்ளிக்கூடத்தில் பௌதிகம்தான் கற்பிக்கிறான். அந்தப் பேராசிரியரைப்பற்றிப் பேசினால் அவன் கண் கலங்கும். எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான் வரும். சாட்சி சொல்ல நிறுத்தியவர், அதற்குப் பிறகு அந்தப் பெண் என்ன ஆனாள் என்று ஒரு வார்த்தை கேட்டு அனுப்பவில்லையே.

கவலைப்படுகிற குணமும் என்னை விட்டுப் போகவில்லை. ஆனால் அன்று நடுங்கிக்கொண்டேதான் உண்மையைச் சொன்னேன். பயம் தெளிந்த பிறகு பேசலாம் என்று காத்திருந்தால் நான் இன்றுவரை வாயே திறந்திருக்க மாட்டேன்.