எந்த இடது கை?

ஸ்னூக்கர் மேசைக்குக் கீழே ஒரு நீளக் குச்சி தொங்கிக்கொண்டிருக்கும். அதன் நுனியில் பித்தளையில் ஒரு பெருக்கல் குறி. வெள்ளைப் பந்து கைக்கு எட்டாத இடத்தில் நின்றுவிட்டால், அந்தக் குச்சியை மேசைமேல் கிடத்தி, அதன் தலையில் கியூவை, அதாவது பந்தடிக்கும் கோலை, தாங்கி அடிக்க வேண்டும். ரெஸ்ட் என்று பெயர். பாவம், உயிரில்லாத சாமான். ஆனாலும் அதன்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. எங்காவது பார்த்தால் வயிறு எரிகிறது.

ஜாலான் புசார் சாலையில், தாழ்ப்பாளும் குழாயும் விற்கிற கடைகளுக்கு மேலே எங்கள் கூடம் இருந்தது. இப்போது அந்த மாடியில் சுற்றுலாப் பயணிகள் படுத்துத் தூங்குகிறார்கள். அப்போது பச்சை மேசைகள், ஒவ்வொன்றுக்கும் மேலே தனி விளக்கு. கவுண்டரில் சொன்னால்தான் உங்கள் விளக்கைப் போடுவார்கள்; அந்த நிமிஷத்திலிருந்து வாடகை ஓடும். பந்தயம் கட்டக் கூடாது என்று சுவரில் நான்கு மொழியிலும் ஒட்டியிருந்தது. பந்தயம் பேசுகிறவர்கள் அந்தத் தாளுக்கு நேர் கீழே இருந்த சோபாவில்தான் உட்காருவார்கள். ஏர்கான் அங்கேதான் நன்றாக அடிக்கும்.

எத்தனை விதமான ஆட்கள்! ஒரு டாக்ஸிக்காரர், வண்டியைக் கீழே கண்ட இடத்தில் நிறுத்திவிட்டு, "ஒரே ஒரு கேம்தான்" என்று ஏறி வருவார். இறங்கிப் போகும்போது கண்ணாடியில் அபராதச் சீட்டு காத்திருக்கும். ஒரு மலாய்ப் பெரியவர் நாள் முழுக்க வாயைத் திறக்க மாட்டார். யாராவது சுலபமான பந்தைத் தவறவிட்டால் மட்டும், "காசியான்" என்பார். ஐயோ பாவம் என்று அர்த்தம். அவர் அப்படி ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும், அந்த ஆளின் அடுத்த ஆட்டமும் காலி. எங்கள் பங்குக் கோயிலில் ஆர்கன் வாசிக்கிறவரும் வருவார். சனிக்கிழமை அவர் ஜெயித்தாரா தோற்றாரா என்பது ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் காணிக்கைப் பாட்டின் வேகத்திலேயே தெரிந்துவிடும்.

இவர்கள் எல்லாரையும் ஒரு பக்கமும் என் சிநேகிதன் அவனை ஒரு பக்கமும் நிறுத்தினாலும் அப்போது நான் அவன் பக்கம்தான் நின்றிருப்பேன். செம்பவாங்கில் வளர்ந்தவன், கப்பல் பட்டறைக் குடும்பம். தேசிய சேவையில், ராணுவ முகாமில் எனக்குப் பக்கத்துக் கட்டில். அப்போதிருந்து மச்சான், மச்சான் என்று பழகி, கடைசியில் என் மகளுக்கு ஞானத்தந்தை ஆனான். அவள் ஞானஸ்நானத்தின்போது, பிசாசை விட்டுவிடுகிறீர்களா, அதன் செயல்களை விட்டுவிடுகிறீர்களா என்று சாமியார் கேட்க, அவளைக் கையில் ஏந்திக்கொண்டு "விட்டுவிடுகிறேன்" என்று கணீரென்று சொன்னவன் அவன்தான். அதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. நல்ல சிரிப்பு இல்லை.

ஒருமுறை மோட்டார்சைக்கிளிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டான். மாவுக்கட்டுப் போட்டவன் வீட்டில் கிடக்க வேண்டியதுதானே? கிடக்க மாட்டான். கூடத்தில் யாரும் இல்லாத வாரநாள் காலைகளில் என்னை இழுத்துக்கொண்டு போய், ஓரத்து மேசையில் இடக்கையால் ஆடிப் பார்த்தான். முதலில் குழந்தை கிறுக்குவது போலத்தான் இருந்தது. கட்டுப் பிரிக்கிற சமயத்தில், சோறு தின்பதைத் தவிர வலக்கை செய்கிற எல்லாவற்றையும் அந்த இடக்கை செய்தது. எனக்கு வாய் பிளந்துவிட்டது.

"மச்சான், இத வெளிய விடாத லா," என்றான். "இது நம்ம ரெண்டு பேருக்கு மட்டும்."

ஏன் ஒளிக்க வேண்டும்? வலக்கை ஆட்டக்காரனுக்கு மேசையில் எட்டாத இடங்கள் சில உண்டு. விவரமான எதிராளி, தன்னால் பந்தைக் குழியில் போட முடியாதபோது, வெள்ளையை அந்த இடத்துக்கு உருட்டிவிட்டு நிம்மதியாகப் போய் உட்கார்ந்துகொள்வான். இனி நீ ரெஸ்ட்டை எடுத்துத் தடுமாறு என்று அர்த்தம். இடக்கையாலும் ஆடத் தெரிந்தவனுக்கு அந்த இடம் ஒன்றுமே இல்லை. அது தெரியாத ஒரு பெரிய ஆள், ஒரு பெரிய பந்தயத்தில், வெள்ளையை அங்கே கொண்டுவந்து வைக்க வேண்டும். அந்த ஒரு நாளுக்காகக் காத்திருந்தோம். அதுவரை அவன் கூடத்தில் எல்லார் கண் முன்னாலும் ரெஸ்ட்டை எடுப்பான், சொதப்புவான். நான் தலையில் அடித்துக்கொள்வேன். பந்தய ஆட்டத்தில் எல்லாரும் எதையாவது ஒளித்துத்தான் வைத்திருப்பார்கள். நாங்கள் ஒளித்தது ஒரு கையை. நான் அதை என் மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை.

அந்த நாளும் வந்தது. கீழே ஹார்ட்வேர் கடை வைத்திருந்தவர் ஒரு சீனப் பெரியவரை அழைத்து வந்தார். பந்தைக் குழியில் போடுவதைவிட வெள்ளையை எட்டாத இடத்தில் ஒளித்து வைப்பதில் கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கியவர். எங்களுக்கு இவரைவிடத் தோதான ஆள் எங்கே கிடைக்கும்?

கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆடுகிறவன் பணம் கட்ட மாட்டான். அவனை நம்புகிறவன்தான் கட்டுவான். ஜெயித்தால் இரண்டு பேருக்கும் பங்கு. தோற்றால் ஆடியவனுக்கு ஒரு காசு நஷ்டமில்லை. யார் கண்டுபிடித்த வழக்கமோ, நன்றாக இருக்கட்டும். சீனப் பெரியவருக்காகக் கடைக்காரர் கட்டினார். அவனுக்காக நான் கட்டினேன்.

புக்கிட் மேராவில் பழைய வீடு ஒன்றை அப்போதுதான் வாங்கியிருந்தோம். அடுப்படி அலமாரியைத் திறந்தால் கதவு கையோடு வந்துவிடும். புது கேபினட் போட ஒதுக்கி வைத்திருந்த பணத்தைத்தான் கேட்டேன். என் மனைவி பந்தயம் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள். அன்றைக்கு ஏனோ யோசிக்கவேயில்லை.

"அண்ணன் ஆடுறாருன்னா குடுங்க. அவரு என்ன வெளியாளா?" என்றாள்.

சனிக்கிழமை மத்தியானம் ஆட்டம். மாறி மாறி ஜெயித்து, கடைசி ஆட்டத்தில் மேசைமேல் கறுப்புப் பந்து ஒன்றுதான் பாக்கி. அதைப் போடுகிறவருக்குப் பந்தயம். கறுப்பு குழிக்குப் பக்கத்திலேயே நின்றது, ஆனால் பெரியவருக்குக் கோணம் இல்லை. அவர் நிதானமாக வெள்ளையைக் கறுப்பில் மெல்ல உரசவிட்டு உருட்டினார். அது ஊர்ந்து ஊர்ந்து, நாங்கள் காத்திருந்த அதே இடத்தில் போய் நின்றது. பெரியவர் உட்கார்ந்து ஃப்ளாஸ்க்கைத் திறந்து தேநீர் ஊற்றிக்கொண்டார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கேபினட்டுக்கு என்ன நிறம் போடலாம் என்றுகூட யோசித்துவிட்டேன்.

அவன் மேசையைச் சுற்றி வந்தான். கியூ நுனியில் நீலச் சாக்பீஸைத் தேய்த்தான். என் பக்கம் பார்க்கவேயில்லை. குனிந்து, மேசைக்குக் கீழிருந்து ரெஸ்ட்டை உருவினான்.

நடிக்கிறான் என்றுதான் நினைத்தேன். கடைசி நொடியில் அதை ஓரமாக வைத்துவிட்டு, கையை மாற்றி, எல்லாரையும் வாயடைக்கப் போகிறான். படவா, எவ்வளவு அழகாக நடிக்கிறான் என்று மனசுக்குள் கொண்டாடிக்கொண்டிருக்கும்போதே அவன் ரெஸ்ட்டின் தலையில் கியூவை வைத்து அடித்துவிட்டான். கறுப்பு குழியின் உதட்டில் இடித்து, திரும்பி, வாசலிலேயே நின்றது. பெரியவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வந்து ஒரு தட்டுத் தட்டினார். முடிந்தது.

"காசியான்," என்றார் மலாய்ப் பெரியவர். தவறவிட்ட அவனைப் பார்த்து இல்லை. என்னைப் பார்த்து.

நான் சத்தம் போட்டேன். இடக்கையால் ஆடத் தெரிந்தவன், வேண்டுமென்றே விட்டான் என்று கத்தினேன். கூடமே சிரித்தது. அவன் இடக்கையால் ஆடி யார் பார்த்திருக்கிறார்கள்? "எட்டலன்னா ரெஸ்ட் எடுக்கத்தானே வேணும்? தோத்துட்டா இப்படியா பேசறது?" என்றார் டாக்ஸிக்காரர். அப்போதுதான் எனக்கு உறைத்தது. யாருக்கும் தெரியாமல் நான் கட்டிக் காத்த ரகசியமே அவனுக்குச் சாட்சியாக நின்றது. எவ்வளவுக்கு எவ்வளவு விசுவாசமாக இருந்தேனோ, அவ்வளவுக்கு அவ்வளவு முட்டாளாகியிருந்தேன்.

மறுநாள் பூசை முடிந்து, அவனே வீட்டுக்கு வந்தான். என் மகளுக்கு சாக்லேட், எனக்குத் தொங்கிப்போன முகம். அடுப்படியில், கழன்ற அலமாரிக் கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "சாரி மச்சான், கை தவறிடுச்சு," என்றான்.

"ஏன் இடது கையில ஆடல?" என்று கேட்டேன்.

என் மனைவி அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்தாள். அவனும் என்னைப் பார்த்தான். ஒரு கண் சிமிட்டல்கூட இல்லை.

"எந்த இடது கை, மச்சான்?"

பிறகு அவன் ஏதேதோ பேசினான். எனக்கு எதுவும் காதில் விழவில்லை. பணம் போனபோது வராத கண்ணீர் அந்த ஒரு கேள்விக்கு வந்தது. அவன் போன பிறகு, மனைவியிடம் மணிக்கட்டு உடைந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். "அவரு இடது கையால ஒரு டம்ளர் தூக்கிக்கூட நான் பார்த்ததில்லையே," என்றாள். "விடுங்க. பணம் போனா போகட்டும், மனுஷன் மேல பழி போடாதீங்க."

சில நாள் கழித்து, தேக்கா சந்தைக் கடையில் அவனும் ஹார்ட்வேர் கடைக்காரரும் எதிரெதிரே உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். என் பணம் யார் யாருக்குப் பங்கு போனது என்று புரிந்தது. அதையும் வந்து சொன்னேன். "தேக்காவுல யார்தான் பிரியாணி சாப்பிடல?" என்றாள்.

கேபினட்டுக்கென்ன, ஒரு போனஸில் வந்துவிட்டது. பணத்தை நான் என்றோ தலைமுழுகிவிட்டேன். என் கண்ணால் பார்த்ததை என் வீட்டுக்காரியே நம்பவில்லை என்பதுதான் ஆறவில்லை. அவளைப் பொறுத்தவரை நான் தோல்வியைத் தாங்க முடியாமல் நண்பனுக்கு இல்லாத இடது கை வித்தையை இட்டுக்கட்டியவன். யாராவது ஒருவர், ஒரே ஒருவர், நீ சொன்னது நிஜம் என்று சொல்ல மாட்டார்களா என்றிருந்தது. கூடத்தின் பக்கம் அதற்குப் பிறகு நான் போகவில்லை. ஆனால் ஞானத்தந்தையை என்ன செய்வது? என் கோபத்துக்காகப் பிள்ளையிடமிருந்து அவனைப் பிடுங்க முடியுமா? கிறிஸ்துமஸுக்கு வருவான். கோயில் கேளிக்கை விழாவுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போவான். நான் "வா" என்பேன், "சரி" என்பேன். அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது.

இந்த வருடம் மகளுக்குக் கல்யாணம். "காட்ஃபாதர் இல்லாம எனக்கு வெட்டிங்கே வேணாம்," என்றாள். வந்தான். தலை நரைத்து, சற்றே கூனி, மாப்பிள்ளை வீட்டாரோடு முதல் நாளே ஒட்டிக்கொண்டான். அவனுக்கு அது எப்போதும் கைவந்த கலை.

கல்யாணத்துக்கு அடுத்த வாரம் மாப்பிள்ளை வீட்டார் தங்கள் கொண்டோ குடியிருப்பில் மத்தியான விருந்து வைத்தார்கள். விருந்து நடந்த அறையின் ஒரு மூலையில் பூல் மேசை. ஸ்னூக்கர் மேசையைவிடச் சின்னது. மாப்பிள்ளையும் அவன் நண்பர்களும் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒரு கட்டத்தில் வெள்ளைப் பந்து எக்கச்சக்கமான இடத்தில் மாட்டிக்கொண்டது. ஆளாளுக்கு எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். இரண்டு பீர் உள்ளே போயிருந்த நம் ஞானத்தந்தை, "நகருங்க லா, இதெல்லாம் ஒரு ஷாட்டா?" என்று கியூவை வாங்கினான்.

வாங்கி, இடக்கைக்கு மாற்றினான். குனிந்தான். அதே குனிவு, அதே நிதானம். பந்து குழிக்குள் போன சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கைதட்டல். அத்தனை வருடத்தில் தான் சொன்ன பொய் அவனுக்கு மறந்தே போயிருந்தது. ஏமாற்றியவனுக்கு ஞாபகம் எதற்கு? ஞாபகம் வைத்துக்கொள்ளத்தான் நான் இருந்தேனே.

எனக்குப் பக்கத்தில் என் மனைவி கேசரித் தட்டோடு நின்றிருந்தாள். அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

"அண்ணனுக்கு... இடது கை வருமா?" என்றாள், யாரையும் பார்க்காமல்.

என் மகள்தான் பதில் சொன்னாள். சிரித்துக்கொண்டு, பெருமையாக. "உனக்குத் தெரியாதாம்மா? நான் பிரைமரி ஸ்கூல் படிக்கறப்பவே சர்ச் ஃபன்ஃபேர்ல, பூல் டேபிள்ல எனக்குக் காட்டிருக்காரு. அப்பாகிட்ட சொல்லாதே, இது நம்ம ரெண்டு பேருக்கு மட்டும்னு சொன்னாரு. நான் சொல்லவே இல்லயே!"

சொல்லவே இல்லைதான். என் வீட்டில், என் மேசையில், என் தட்டுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட குழந்தையிடம் என் பக்கத்துச் சாட்சியைப் பூட்டி வைத்திருக்கிறான். அதுவும் எனக்குச் சொன்ன அதே வார்த்தையில். அவளை நான் என்ன சொல்வேன்? கொடுத்த வாக்கைக் காப்பாற்றியிருக்கிறாள், என்னைப் போல.

என் மனைவி கேசரித் தட்டை என் கையில் கொடுத்தாள். நேராகப் போய், சுவரில் மாட்டியிருந்த ரெஸ்ட்டை எடுத்தாள். அந்தச் சாமானை அவள் அதற்கு முன் பார்த்ததுகூட இல்லை. நுனியில் பெருக்கல் குறி என்று நான் சொன்ன கதையில் கேட்டதுதான். அதை அவனிடம் நீட்டினாள்.

"இந்தாங்கண்ணே," என்றாள். "உங்களுக்குத்தான் எட்டாதே."

அவன் முகத்தில் இருந்த சிரிப்பு போக இடம் தெரியாமல் அங்கேயே நின்றது. குச்சியை வாங்கிக்கொண்டான். என் மகள் ஒன்றும் புரியாமல் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.