திருவரங்குளத்தில் எண்ணிய பருக்கைகள்

இந்த வாரம் ஏழு பருக்கை. நேற்றுத் தபாலில் வந்த கார்டில் திருவரங்குளம் நர்ஸ் ஆரோக்கியமேரி அப்படி எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே, "எண்ணியவர் ஐயாவேதான்" என்று இன்னொரு வரி. அந்த இரண்டாவது வரி இல்லாவிட்டால் முதல் வரியை நான் இங்கே எழுதியிருக்க மாட்டேன்.

ஐயா என்பது என் அக்கா புருஷன், நார்த்தாமலை ராமையா அத்தான். இந்த 1962 சித்திரையில் வயலில் நின்றுகொண்டிருந்தவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. ஆடிக்குள் கால் ஓரளவு தேறி, கம்பு ஊன்றி நடந்தார். கை மட்டும் வரவில்லை. தைலம் தேய்த்தார்கள், புறா ரத்தம் பூசினார்கள். மகள் மீனாட்சிக்குக் கீரனூரில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தது. நிச்சயத் தட்டை அத்தானின் தம்பி மாற்றிக்கொள்ளட்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் பெருந்தன்மையாகவே சொன்னார்கள். அத்தான் கேட்கவில்லை. "எம் மகளுக்கு நாந்தான் தட்டு மாத்துவேன். கை வரட்டும், அப்பறம் தேதி வைங்க" என்றுவிட்டார். மீனாட்சியின் கல்யாணம் அந்தக் கையில் தொங்கிக்கொண்டிருந்தது.

இப்படிப்பட்டவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் நர்ஸ் ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் புரட்டாசியில் புறப்பட்டோம். வீட்டில் இதே நோய் உள்ளவர்கள் போய்வர உதவும் என்பதால் வழியை விவரமாகவே தருகிறேன்.

திருச்சியிலிருந்து காலை ஆறு பத்து பஸ். நார்த்தாமலை விலக்கு இருபத்திரண்டு மைல்; கட்டணம் எண்பத்தைந்து நயா பைசா. ஏழரைக்கு இறங்கினேன். விலக்கிலிருந்து அக்கா வீடு ஒன்றரை மைல், வாடகை வண்டிக்கு ஒரு ரூபாய். அதே வண்டியில் அக்காவையும் அத்தானையும் ஏற்றி வந்து ஒன்பதரை பஸ்ஸைப் பிடித்தோம். ஏறும்போது அத்தான் பழக்கதோஷத்தில் வலது காலைத் தூக்கப் போனார்.

கண்டக்டர் தடுத்தார். "ஐயா, நல்ல காலு மேல போகட்டும். எறங்குறப்ப நோவுற காலு மொதல்ல."

"ஒனக்கு யாருப்பா சொல்லிக் குடுத்தது?"

"வெள்ளிக்கெழம வண்டியில இதத்தான் பாக்குறேன். நர்சம்மாகிட்டத்தான போறீங்க? இந்தப் பக்கம் ஒக்காருங்க, இங்கிட்டு கம்பி இருக்கு."

புதுக்கோட்டை வந்து சேர மணி பத்தேகால். அங்கிருந்து ஆலங்குடி சாலையில் பதினொரு மணி பஸ். திருவரங்குளம் ஐந்து மைல், இருபத்தைந்து நயா பைசா. இறங்கி, கோயில் மதிலை ஒட்டி இருநூறு தப்படி நடந்தால் ஓடு வேய்ந்த ஒரு கூடம். நர்ஸ் அங்கே வெள்ளிக்கிழமை மட்டும் பார்க்கிறார். பன்னிரண்டரைக்கு இலை போடுகிறார். அதற்கு முன்னால் போய்விட வேண்டும்.

ஆரோக்கியமேரி ஆவூர்க்காரர். யுத்த காலத்தில் ராணுவ ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். கை அடிபட்ட சிப்பாய்களில் இடது கையால் ஸ்பூன் பிடிக்கக் கற்றுக்கொண்டவர்களின் வலது கை அப்படியே நின்றுவிட்டதையும், ஸ்பூன் வேண்டாம் என்று அடம்பிடித்த சிலருக்குக் கை திரும்பியதையும் அங்கே கவனித்திருக்கிறார். இடது கையால் சோறு தின்ன நம் ஆட்கள் கூசுவார்கள். அந்தக் கூச்சம்தான் தனக்குப் பாதி மருந்து என்கிறார். அத்தானின் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார்.

"கை செத்துப்போகலீங்க. வேலையில்லாம ஒக்காந்திருக்கு. வீட்டுல ஐயாவுக்கு ஊட்டுறது யாரு?"

"நாந்தேன்" என்றாள் அக்கா.

"மூணு வேளையுமா?"

"பின்ன பட்டினியா போடுவாக?"

"அப்ப கட்ட வேண்டியது ஒங்க கையத்தான்" என்று சிரித்தார் நர்ஸ்.

பயிற்சி இதுதான். அரை மணி நேரம் வெந்நீர்த் துணியால் ஒற்றி, புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாக டம்ளரில் எடுத்துப் போட வேண்டும். பிறகு இலை, சோறு. இடது கை மடியில் துண்டுக்குள் இருக்கும். எவ்வளவு நேரமானாலும் யாரும் ஊட்டக் கூடாது. முடிந்ததும் இலைக்கு வெளியே விழுந்த பருக்கைகளை எண்ணி நோட்டில் குறிப்பார்கள். அக்காவின் கை சும்மா இருக்காது என்று தெரிந்து, எண்ணும் வேலையை அவளிடமே கொடுத்தார். கணக்கு பத்துக்குக் கீழே இறங்கினால் நிச்சயத் தட்டைத் தூக்கிப் பார்க்கலாம் என்றும் சொன்னார்.

முதல் நாள் அத்தான் சாப்பிட ஐம்பது நிமிஷம் ஆயிற்று. சோறு மீசையிலும் வேட்டியிலும் கிடந்தது. அக்கா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அன்றைய கணக்கு நூற்றுப் பன்னிரண்டு.

நான்காவது வெள்ளிக்கிழமை, ஐப்பசி மழைக்கு நடுவே, கணக்கு ஒன்பது. நர்ஸ் நோட்டில் எழுதி, "அடுத்த வாரம் தாம்பாளமும் தேங்காயும் கொண்டாங்க" என்றார். நானும் என் குறிப்பில் ஒன்பது என்று எழுதிக்கொண்டேன்.

திரும்பும் பஸ்ஸில் டிக்கெட்டுக்காக அக்கா இடுப்புச் செருகலைத் தளர்த்தினாள். சுருக்குப் பையோடு ஒரு கொத்துச் சோற்றுப் பருக்கைகள் என் மடியில் விழுந்தன.

"என்னக்கா இது?"

அவள் பருக்கைகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். அத்தான் பார்த்தார். அவருக்குப் புரிய என்னைவிடக் குறைவான நேரமே பிடித்தது.

"அடி கிறுக்கி. இதை மடியில ஒளிச்சுப்புட்ட. தேங்காயோட தட்டு எங்கையிலேர்ந்து விழுந்தா எங்கிட்டுடி ஒளிப்ப?"

"பத்துக்குக் கீழ வந்தாத்தான தட்டுன்னாக" என்றாள் அக்கா. "புள்ள மொகத்தைப் பாக்க முடியலங்க. ஒங்க மொகத்தையுந்தான்." அவள் அழுதாள். அத்தான் இடது கையை எடுக்கவில்லை. வலது கையைத் தோளிலிருந்தே அசைத்துத் தூக்கி, அவள் முழங்கை மேல் போட்டார். அது அங்கேயே கிடந்தது.

புதுக்கோட்டையில் இறங்கி, இரண்டு நாற்பது பஸ்ஸில் மறுபடியும் திருவரங்குளம் போனோம். போகலாம் என்றது அத்தான்தான். சோற்றைக் கீழே போட மனம் வராமல் அக்கா எல்லாவற்றையும் வைத்திருந்தாள். என் மடியில் விழுந்ததையும் பொறுக்கி முந்தானையில் முடிந்திருந்தாள். நர்ஸ் எண்ணினார். இருபத்தெட்டு. ஒன்பதை அடித்துவிட்டு முப்பத்தேழு என்று எழுதினார்.

"போன வாரம்?"

"அதை காக்காய்க்கு வச்சுட்டேன்."

போன வாரக் கணக்கையும் அடித்து, அந்த இடத்தை வெறுமையாக விட்டார். "கோவமில்லீங்க ஆத்தா. இந்த ஒம்போதை நம்பி இவருக்கு வர்ற வாரமே தட்டு குடுத்திருப்பேன். அடுத்து வர்ற ஆளுக்கும் இதே கணக்கத்தான் சொல்லியிருப்பேன்."

அத்தான் குறுக்கிட்டார். "நர்சம்மா, இனிமே நானே பொறுக்கி எண்ணுறேன். இந்தக் கையாலயே."

நர்ஸ் ஒரு பருக்கையை விரல் நுனியில் எடுத்துப் பார்த்தார். புளியங்கொட்டையைவிடப் பருக்கை சிறியது, நசுங்காமல் எடுப்பது கஷ்டம். தனக்கு இது தோன்றவில்லையே என்றார். அன்றிலிருந்து எல்லோருக்கும் அதுவே விதி. உடன் வருகிறவர்கள் எண்ணுவதில்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். நோயாளியைப் பசியோடு அழைத்துப் போங்கள். வழியில் பலகாரம் வேண்டாம். வீட்டுச் சோற்றையே கொஞ்சம் குழைய வடித்துக் கொண்டுபோகலாம். மழைநாளில் திரும்பும் பஸ் முக்கால் மணி வரை தாமதமாகிறது. ஊட்டியே பழகியவர் நீங்களானால், அந்த ஒரு மணி நேரம் கோயிலுக்குள் போய் இருங்கள். அக்கா இப்போது அப்படித்தான் செய்கிறாள்.

தெரியாதவையும் உண்டு. பயிற்சி இல்லாவிட்டாலும் இந்தக் கை தானாகத் தேறியிருக்குமா என்று கேட்டேன். "அது எனக்கும் தெரியாதுங்க" என்றார் நர்ஸ். நோட்டைப் பிரதி எடுத்துத் திருச்சியில் ஒரு டாக்டருக்கு அனுப்பியிருக்கிறார். பொங்கலுக்குப் பிறகு பார்த்துச் சொல்வதாகப் பதில். மாப்பிள்ளை வீட்டார் தை முதல் முகூர்த்தம் வரை காத்திருக்கச் சம்மதித்திருக்கிறார்கள். தாம்பாளத்தை ஒரு தேங்காயோடு பத்து எண்ணும் வரை அத்தான் பிடிக்கிறார் என்கிறது கார்டு. நிச்சயத்தன்று தட்டில் இரண்டு தேங்காய் இருக்கும். இரண்டாவதை அக்கா வாங்கி அடுக்களையில் வைத்திருக்கிறாளாம். இன்னும் தட்டில் வைக்கவில்லை. தை பிறக்க நாற்பத்திரண்டு நாள் இருக்கிறது.