பிலோமினா முந்தித் திரும்பவில்லை

முதலில் மன்னிக்க வேண்டும். என் எழுத்து ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் கோட்டை விட்டு ஓடுகிறது. எழுபது வயதில் எழுதப் பழகியவன் நான். பிலோமினாவின் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஏதாவது சொல்லச் சொன்னார்கள். நானே எழுதித் தருகிறேன் என்றேன்.

அவள் செத்த செய்தி வந்தபோது மன்னார் தாராபுரத்தில் என் கழுதைகளுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தேன். அவளுடைய தம்பி போனில் கூப்பிட்டான். எங்கள் முஸ்லிம் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி அவர்களும் என்னை 'நானா' என்றுதான் கூப்பிடுவார்கள். "நானா, அக்கா போயிட்டா." "எங்க போனவ?" என்று கேட்டேன். சத்தியமாக எனக்கு விளங்கவில்லை. முந்தின நாள் பின்னேரம் குதிரையில் இருந்தவள். காலையில் தேத்தண்ணி குடிக்கும்போது நெஞ்சு நின்றுவிட்டதாம். கையில் இருந்த வாளியை எங்கே வைத்தேன் என்று இன்றும் தெரியாது.

அவளுக்குச் சிறு வயதில் ஷெல் அடியில் இரண்டு கண்ணும் போனது. மாற்றுத்திறனாளிகளின் குதிரையோட்டப் போட்டிக்கு நானாட்டானில் பழகினாள். கழுதை வளர்ப்பவன் என்று என்னைக் குதிரை பார்க்கக் கூப்பிட்டார்கள். மைதானத்தைச் சுற்றி எழுத்துப் பலகைகள் நடுவார்கள். கண் தெரியாதவர் ஓடும்போது, பலகையடியில் ஒருவர் நின்று அந்த எழுத்தைக் கத்துவார். குரல் வரும் இடத்தில் அவர் குதிரையைத் திருப்ப வேண்டும். என் எழுத்து 'ம'. அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. வாசலில் இருந்து மூன்றாவது பலகை என்று மட்டும் தெரியும்.

முருங்கன் போட்டியில் வாசலை மறுபக்கம் வைத்துவிட்டார்கள். கேட்க வெட்கம். மூன்றாவது பலகையை எண்ணிப் போய் நின்று, "ம! ம!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். பிலோமினா தயங்காமல் என் பக்கம் திரும்பினாள். அது பிழையான இடம்; 'ம' பலகை இன்னும் தள்ளி இருந்தது.

கூப்பிட்டவரின் பிழை என்றால் திரும்ப ஓட விடுவார்கள். ஓடியவரின் பிழை என்றால் அடுத்த கட்டமான கொழும்புப் போட்டிக்குப் போக முடியாது. நடுவர் என்னிடம் வந்தார். "நீங்கள் நின்ற இடம் சரிதானே?" என்று கேட்டார். "ஓம் ஐயா" என்று சொல்லிவிட்டேன். பிலோமினா குதிரையில் இருந்தபடியே, "நான்தான் முந்தித் திரும்பிட்டன்" என்றாள்.

திரும்பி வரும்போது ஓட்டோவில் கேட்டாள். "நானா, உங்களுக்கு எழுத்துத் தெரியாதோ?"

"தெரியாது பிள்ளை."

"நல்ல சோடிதான் நாங்கள். குருடிக்கு வழிகாட்ட வாசிக்கத் தெரியாதவர்!" சிரித்து முடித்து, என் தோளைத் தேடித் தட்டினாள். "கண்ணை வச்சுக்கொண்டு சும்மா இருக்காதேங்கோ. திங்கட்கிழமை முதியோர் வகுப்புக்குப் போங்கோ."

போனேன். 'ம' எழுதிய அன்று அவளுடைய விரலைப் பிடித்து மணலில் அதை வரைந்து காட்டினேன். "இவ்வளவுதானா? இதுக்கா என்னைத் தோக்கடிச்சனீங்கள்?" என்றாள்.

நேற்று அவளுடைய பெயரை முதன்முறையாக முழுதாக எழுதினேன். பிழை இல்லாமல் வந்ததும் சந்தோஷப்பட்டேன். எதற்காக எழுதுகிறேன் என்பது பிறகுதான் உறைத்தது.

குருட்டுப் பெட்டைக்குக் குதிரை எதற்கு, அதுதான் தோற்றாள் என்று ஊரில் சொன்னவர்கள் இதை வாசிக்க வேண்டும். அவள் முந்தித் திரும்பவில்லை. நான் கூப்பிட்ட இடத்தில் சரியாகத் திரும்பினாள். என் குரலை ஒருவர் அப்படி நம்பினார் என்பதுதான் அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது. அடுத்த கிழமை நடுவருக்கும் எழுதுவேன். இனி அவளுக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனாலும், நான் "ஓம் ஐயா" என்று சொன்னது பொய் என்று அவர் அறிய வேண்டும்.